ஐந்து வாரம் போய் வந்தால் என்ன மாறும்? பெண் விஞ்ஞானிகளுக்கான வழிகாட்டிப் பரிமாற்றங்கள்

வாசகி ஒருவரின் கேள்வி:

"அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் வளர்ந்துவரும் பெண்களை வெளிநாட்டுக்கு அழைத்துப்போய், அங்கே மூத்தவர் ஒருவரோடு சில வாரம் வேலை செய்யவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். படங்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன. ஆனால் ஐந்து வாரத்தில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? திரும்பி வந்தால் அதே நாற்காலி, அதே மேலாளர். விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருக்கிறது. போய் வந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்."

ஜனவரி 9

பயன் உண்டு. ஆனால் அது அந்த ஐந்து வாரத்துக்குள் கிடைப்பதில்லை. திரும்பி வந்தபின் முதல் வருடத்தில் கிடைக்கிறது, அல்லது கிடைக்காமலே போய்விடுகிறது. நான் இப்படி ஒரு திட்டத்தில் போய் வந்தவள். இப்போது வேறு நாடுகளில் இருக்கும் இளம் பெண்களுக்கு வீடியோ அழைப்பில் வழிகாட்டியாகவும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக: இவற்றில் அதிகம் பேசப்படுவது டெக்விமன். அமெரிக்க வெளியுறவுத் துறை 2011இல் தொடங்கியது. முதல் ஆண்டு மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து மட்டும் பெண்கள் வந்தார்கள். அப்புறம் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகள், மத்திய ஆசியா, பாகிஸ்தான் என்று பட்டியல் நீண்டது. ஐந்து வாரம் சான் ஃபிரான்சிஸ்கோ, சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனங்களில் வேலை. ஒவ்வொருவருக்கும் தொழில்முறை வழிகாட்டி ஒருவர் உண்டு. அலுவலகத்துக்கு வெளியே ஊரையும் மனிதர்களையும் அறிமுகப்படுத்த இன்னொருவர் உண்டு. இருவருமே தன்னார்வலர்கள். ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, தங்கள் நாட்டின் ஒரு பிரச்சினைக்குத் திட்டம் தீட்டி மேடையில் விளக்க வேண்டும். நன்றாக இருந்தால் தொடக்க நிதி கிடைக்கும்.

நான் போனது இது அல்ல, வேறொன்று. ஆனால் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஜனவரி 11

"என்ன கற்றுக்கொள்ள முடியும்" என்பதற்கு நேற்றே பதில் எழுத உட்கார்ந்தேன். தொழில்நுட்பம் என்று எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். அதைக் கற்க வெளிநாடு போகத் தேவையில்லை. கட்டுரைகள் இருக்கின்றன, பாடங்கள் இருக்கின்றன.

எனக்குக் கிடைத்தது வேறு. இரண்டாவது வாரம் என் வழிகாட்டி தன் கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்து காட்டினார். உள்ளே முழுக்க அவருடைய நிராகரிக்கப்பட்ட ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்கள். ஒவ்வொன்றோடும் மதிப்பீட்டாளர்கள் எழுதிய குறிப்புகள், சில மிகக் கடுமையானவை. "இந்த ஆய்வாளருக்கு இதைச் செய்து முடிக்கும் திறன் இருக்கிறதா என்பது சந்தேகம்" என்ற பொருளில் ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் அவர் ஓர் அட்டவணை வைத்திருந்தார். முதல் பத்தியில் மதிப்பீட்டாளரின் வரி அப்படியே. இரண்டாவதில், தான் என்ன மாற்றினார் என்பது. மூன்றாவதில் பக்க எண். கோபப்பட வேண்டிய வரிக்கும் அதே மூன்று பத்திதான். அந்தக் கடுமையான வரிக்கு எதிரே, தன் குழுவில் யார் எந்தக் கருவியை எத்தனை ஆண்டு இயக்கியிருக்கிறார் என்று சில வரிகள் சேர்த்திருந்தார், அவ்வளவுதான். அடுத்த சுற்றில் அந்த விண்ணப்பத்துக்கு நிதி கிடைத்தது.

அதுவரை நிராகரிப்பு வந்தால் நான் அந்த மின்னஞ்சலை மூடிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். வென்ற விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். தோற்றதைக் காட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அதற்கு முன்னால் நம் மேல் ஒரு நம்பிக்கை வந்திருக்க வேண்டும். காணொளிப் பாடத்தில் இது கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய குழுக் கூட்டத்தில் குறிப்பு எடுப்பது முறை வைத்து மாறும். ஒரு வாரம் ஒருவர், பேராசிரியரும் உட்பட. என் இடத்தில் அந்த வேலை எப்போதும் கூட்டத்தில் இருக்கும் பெண்ணுக்குத்தான் வரும், யாரும் சொல்லாமலே. குறிப்பு எடுப்பவர் பேசுவதில்லை. பேசாதவரின் யோசனை பதிவாவதில்லை. திரும்பி வந்ததும் நான் கேட்ட முதல் மாற்றம் இதுதான். காசு செலவில்லை, அனுமதி தேவையில்லை. நடந்தது.

ஜனவரி 12

"நாங்கள் டெக்விமனுக்கு விண்ணப்பிக்கலாமா?" என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டதற்குச் சுருக்கமாக. டெக்விமன் பட்டியலில் இந்தியாவோ இலங்கையோ இருந்ததில்லை. இது அரசுப் பணம் என்பதால் எந்த நாடு, எத்தனை பேர், அந்த ஆண்டு அறிவிப்பு வருமா என்பதெல்லாம் வெளியுறவுக் கொள்கையையும் நிதி ஒதுக்கீட்டையும் பொறுத்தவை. அதை நம்பி இரண்டு வருடத் திட்டம் போடாதீர்கள்.

விசா பற்றி ஒரு முக்கியமான விஷயம். அமெரிக்கப் பரிமாற்றங்கள் பெரும்பாலும் ஜே-1 விசாவில் நடக்கும். அரசு நிதியில் போனால் பொதுவாக இரண்டாண்டு நிபந்தனை உண்டு: சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டு இருந்து முடிக்காமல் எச்-1பி போன்ற வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ பெற முடியாது. விலக்குக் கேட்கலாம், ஆனால் எளிதல்ல. அடுத்த ஆண்டு அங்கே வேலைக்குப் போகலாம் என்று மனதில் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள். ஐந்து வாரப் பயணத்துக்கும் இது பொருந்தும்.

ஜனவரி 20

"அதே நாற்காலி, அதே மேலாளர்" என்று கேட்டிருந்தீர்களே, அது நியாயமான பயம். எனக்கு நாற்காலியும் இல்லை. நான் இல்லாத நேரத்தில் என் திட்டம் வேறொருவருக்குப் போயிருந்தது. பயண அறிக்கை எழுதிக் கொடுத்தேன். படித்ததாக யாரும் சொல்லவில்லை. "நல்லா சுத்திப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. நான் என்ன செய்துவிட்டு வந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குச் சொல்வது யார் வேலை என்று திட்டத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

முதல் மாதம் உற்சாகம் இருக்கும். பத்து யோசனைகளோடு வருவோம். மூன்றாவது மாதம் ஒன்று மிஞ்சும். ஆறாவது மாதம் நாமே அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுவோம். என்னோடு வந்தவர்களில் பலர் இந்த வரிசையை அப்படியே சொன்னார்கள், வெவ்வேறு கண்டங்களிலிருந்து.

என் விஷயத்தில் அதை உடைத்தது ஒரு கடிதம். என் வழிகாட்டி என்னைக் கேட்டுக்கொண்டு, என் துறைத் தலைவருக்கு நேரடியாக எழுதினார். பாராட்டுக் கடிதம் அல்ல. "நாங்கள் இருவரும் ஆரம்பித்த அளவீட்டு வேலை பாதியில் நிற்கிறது, அதை முடிக்க இவருக்கு வாரத்தில் ஒரு நாளும் உங்கள் ஆய்வகத்தின் இந்தக் கருவியும் வேண்டும், கட்டுரையில் உங்கள் நிறுவனத்தின் பெயர் முதலில் வரும்" என்று. அதற்கு அடுத்த வாரமே கருவி கிடைத்தது. அதற்கு முன் நானே அதைப் பலமுறை கேட்டும் கிடைத்ததில்லை.

அறிவுரை சொல்பவரும், நாம் இல்லாத அறையில் நமக்காகப் பேசுபவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாமவர் இல்லாமல் முதலாமவர் போதாது. 2010இல் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூ என்ற நிர்வாகவியல் இதழில் ஆய்வாளர் ஹெர்மினியா இபாராவும் உடன் எழுதியவர்களும் இதைத்தான் காட்டினார்கள்: பெண்களுக்கு வழிகாட்டிகள் நிறைய இருந்தும் பதவி உயர்வு ஆண்களுக்கே அதிகம் கிடைத்தது. ஆண்களின் வழிகாட்டிகள் மேல்மட்டத்தில் இருந்தார்கள், அவர்களுக்காக வாதாடினார்கள்.

ஜனவரி 21

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், "அப்படியானால் வெளிநாட்டு வழிகாட்டியின் சொல்லுக்குத்தான் மதிப்பு, நம் சொல்லுக்கு இல்லை என்கிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம், அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. அது சரியில்லை. அது மாறும்வரை அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள் என்றும் சொல்வேன். என் ஆய்வுக்குக் கருவி வேண்டியிருந்தது.

பிப்ரவரி 2

காலம் குறைவாக இருப்பதுதான் பிரச்சினை என்று நானும் கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். ஐந்து வாரம் பத்து வாரமானால் சரியாகிவிடும் என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. காரணம் சொல்கிறேன்.

வழிகாட்டுதல் பற்றி நம்மிடம் இருக்கும் சான்றுகளில் பெரும்பாலானவை "கலந்துகொண்டவர்கள் மகிழ்ச்சி தெரிவித்தார்கள்" என்ற ரகம்தான். அதில் ஒரு சிக்கல் உண்டு. விண்ணப்பித்துத் தேர்வாகும் பெண் எப்படியும் முன்னேறியிருப்பார். திட்டத்தால் முன்னேறினாரா, அவராலா? இதைப் பிரித்துப் பார்க்கக் குலுக்கல் வேண்டும்.

அமெரிக்கப் பொருளியல் சங்கம் அதைச் செய்தது. செமென்ட் என்று ஒரு பயிலரங்கு. இளம் பெண் உதவிப் பேராசிரியர்களுக்கானது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம். குலுக்கல் முறையில் சிலரைச் சேர்த்தார்கள், மற்றவர்கள் ஒப்பீட்டுக் குழு. 2004இல் முதல் சுற்று. ஃபிரான்சின் ப்ளாவ், ஜேனட் கரி, ரேச்சல் குரோசன், டோனா கிந்தர் ஆகியோர் 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு, பயிலரங்குக்குப் போனவர்களிடம் சராசரியாக மூன்று ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் இருந்தன, ஆராய்ச்சி நிதியும் அதிகம், முதல்தர இதழில் வெளியிடும் வாய்ப்பு 25 சதவீதப் புள்ளி கூடுதல். 2020இல் வந்த தொடர் ஆய்வில், அவர்கள் கல்வித் துறையில் நீடித்ததும் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பதவி பெற்றதும் அதிகம் என்று தெரிந்தது.

அந்தப் பயிலரங்கின் நீளம் இரண்டு நாள்!

இரண்டு நாளில் என்ன செய்தார்கள்? ஒரே துறையைச் சேர்ந்த ஏறக்குறைய ஐந்து இளையவர்களும் ஓரிரு மூத்தவர்களும் ஒரு மேசையில். ஒவ்வொருவரும் தான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அதை முன்பே படித்துவிட்டு வந்திருக்க வேண்டும். பொதுவான ஊக்கப் பேச்சைவிட அந்தக் கட்டுரைக்கான குறிப்புகள்தான் அங்கே முக்கியம். அதற்குப் பிறகும் அந்தச் சிறு குழு ஒருவர் எழுதுவதை ஒருவர் படிக்க முடியும். யாரும் கண்டம் தாண்டிப் போகவில்லை, எல்லோரும் ஒரே நாட்டு ஆய்வுலகில் இருப்பவர்கள் என்பதால் இதை அப்படியே நம் விஷயத்துக்கு இழுத்துவர முடியாது. ஆனால் கால அளவு மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

ஆகவே, தோழி, எத்தனை வாரம் என்பதைப் பிறகு பார்க்கலாம். "என் கையில் இருக்கும் எந்த வேலையை அங்கே மேசைமேல் வைக்கப்போகிறேன்" என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பிப்ரவரி 11

இன்று அறிவியலில் பெண்கள், சிறுமிகளுக்கான சர்வதேச நாள். ஐ.நா. பொதுச்சபை 2015இல் அறிவித்தது. வாழ்த்துப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நான் இந்த நாளில் இரண்டு பேரை நினைத்துக்கொள்வேன்.

ஒருவர் தாவரவியலாளர் ஜானகி அம்மாள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென்றே லெவி பார்பர் என்பவர் ஏற்படுத்திய உதவித்தொகையில் படித்தவர். 1917இல் நிறுவப்பட்ட உதவித்தொகை அது. படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி அங்கே பயன்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆக நாம் பேசுவது ஒன்றும் புதிய யோசனை இல்லை, நூறாண்டுப் பழசு. ஜானகி அம்மாள் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார், திரும்பினார், கோயம்புத்தூர் கரும்பு நிலையத்தில் கலப்பினங்களை உருவாக்கினார். ஆனால் தனியாக வாழும் பெண், அதிலும் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட பின்னணி. அங்கே அவருக்கு இடம் இறுகியது. 1940 வாக்கில் லண்டனின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்துக்குப் போய்விட்டார். மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை 1945இல் வெளியிட்டார். 1951இல் நேருவின் அழைப்பில் மறுபடி திரும்பினார். இந்த முறை இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு கையில் இருந்தது.

இரண்டு முறையும் திரும்பியவர் ஒருவரே, திறமையும் அதே திறமைதான். இரண்டாம் முறை பதவியும் அதிகாரமும் காத்திருந்தன. பரிமாற்றத் திட்டம் நடத்துகிறவர்கள் இந்த வாழ்க்கையை ஒரு முறை படித்துவிட்டு விதிகள் எழுதலாம்.

இன்னொருவர் இயற்பியலாளர் அன்னா மாணி. 1945இல் இயற்பியல் ஆராய்ச்சிக்கென்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். அங்கே கிடைத்த வாய்ப்போ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. எடுத்துக்கொண்டார். 1948இல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தபோது, கருவிகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வாங்கியவை. ஏறக்குறைய 100 கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். அவர் கற்றது நாட்டுக்கு உடனே தேவைப்பட்ட ஒன்று, அதைச் செய்யும் துறையும் இருந்தது. விரும்பிய பாடம் கிடைக்காமல் போனால் உடனே மனம் உடைந்துவிட வேண்டாம் என்று நான் வழிகாட்டும் பெண்களிடம் இவர் கதையைத்தான் சொல்வேன்.

பிப்ரவரி 13

அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் மட்டும் பேசுகிறேன் என்று ஒரு குறை வந்தது. சரிதான், இதையும் எழுதியாக வேண்டும்.

வளரும் நாடுகளின் பெண் விஞ்ஞானிகளுக்கென்று ஓர் அமைப்பு 1987இல் உருவானது, ஓ.டபிள்யூ.எஸ்.டி. என்று சொல்வார்கள், தலைமையகம் இத்தாலியின் ட்ரியஸ்டில். அதன் முதல் தலைவர் சுவாசிலாந்தின் (இன்றைய எஸ்வாத்தினி) வேதியியலாளர் லிடியா மக்குபு, மூலிகைகளை ஆராய்ந்தவர். இவர்களின் முனைவர் பட்ட உதவித்தொகையில் எனக்குப் பிடித்தது இது: பின்தங்கிய நாட்டுப் பெண், இன்னொரு வளரும் நாட்டில்தான் படிக்க வேண்டும். சாண்ட்விச் முறையும் உண்டு. சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே பதிவு செய்துகொண்டு, இடையிடையே வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போய் வரலாம். ஊரில் நாற்காலி காலியாவதே இல்லை. மின்வெட்டு, ரசாயனம் வந்துசேராத தாமதம் எல்லாம் வழிகாட்டிக்கும் தெரிந்தவை என்பதால் அறிவுரை நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஆப்பிரிக்காவில் அவார்ட் என்ற திட்டம், வேளாண் ஆராய்ச்சியில் இருக்கும் பெண்களுக்காக 2008இல் தொடங்கியது. மூத்த விஞ்ஞானி ஒருவர் அந்தப் பெண்ணுக்கு வழிகாட்டி. அந்தப் பெண், அதே திட்டக் காலத்துக்குள் தனக்கு இளையவர் ஒருவருக்கு வழிகாட்டி ஆக வேண்டும், அது விதி. காத்திருந்து பெரியவளான பிறகு செய்வதற்கில்லை. இதை நான் நேரடியாகவே அனுபவித்திருக்கிறேன்: எனக்குச் சொல்லப்பட்ட ஒன்றை இன்னொருத்திக்குச் சொல்ல வேண்டி வரும்போதுதான் அதில் எது எனக்குப் புரியவில்லை என்று தெரிகிறது.

மார்ச் 1

வழிகாட்டியாக இருக்க விரும்பும் ஒருவர், "நான் அப்படி ஒன்றும் சாதித்துவிடவில்லையே" என்று எழுதியிருந்தார். தயங்காதீர்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் நிலஞ்சனா தாஸ்குப்தாவும் டாரா டெனஹியும் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. பொறியியல் முதலாண்டு மாணவிகளில் சிலருக்குப் பெண் வழிகாட்டி, சிலருக்கு ஆண் வழிகாட்டி, சிலருக்கு யாருமில்லை. வழிகாட்டிகள் பேராசிரியர்கள் அல்ல, அதே துறையின் மூத்த மாணவர்கள்தான். பெண் வழிகாட்டி கிடைத்த மாணவிகளில் ஒருவர்கூட முதலாண்டு முடிவில் பொறியியலை விட்டுப் போகவில்லை. இரண்டு படி முன்னால் நிற்பவர் போதும்.

ஆனால் ஒரு வேண்டுகோள். முதல் அழைப்பிலேயே உங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். "இந்த மாதம் உன்னைத் தடுப்பது எது?" என்று கேளுங்கள். நான் வழிகாட்டும் ஒரு பெண், நீர்த்தரம் ஆய்வு செய்பவர், முதல் அழைப்பு முழுக்கத் தலைமைப் பண்பு பற்றியே பேசினார். கடைசியில்தான் வந்தது விஷயம்: ஆய்வக வண்டியை எடுக்க ஓட்டுநரிடம் கேட்க வேண்டும், ஓட்டுநர் ஆண் சகாக்களுக்குத்தான் முதலில் ஒதுக்குகிறார், மாதிரிகள் நேரத்துக்கு வருவதில்லை. இருவரும் சேர்ந்து எழுதியது ஒரு வாகன முன்பதிவுத் தாள். அதை அவர் மேலாளர் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டினார். அந்தப் பருவத்தின் மாதிரிகள் எல்லாம் வந்துசேர்ந்தன.

மார்ச் 9

கேள்வி கேட்ட தோழி விண்ணப்பிக்கப் போவதாக எழுதியிருக்கிறார். மிக்க மகிழ்ச்சி. இனி வேலையைப் பார்ப்போம்.

பரிந்துரைக் கடிதத்தை உங்கள் மேலாளரிடமே வாங்குங்கள், மேலே இருக்கும் பெரிய பெயரிடம் போகாதீர்கள். அவர் கையெழுத்திட்டால் அவரும் இதில் பங்காளி. அந்தக் கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: திரும்பி வந்தபின் எந்த வேலை உங்களிடம் தொடரும், அதற்கு எவ்வளவு நேரம், எந்தக் கருவி. தேர்வுக் குழுவும் அதைப் பார்த்து மகிழும், ஆனால் அது முதலில் உங்களுக்காக.

"நான் ஒரு தலைவராக விரும்புகிறேன்" என்று தொடங்கும் கட்டுரைகள் குவிந்து கிடக்கும். நீங்கள் இப்போது முட்டிக்கொண்டிருக்கும் சிக்கலில் தொடங்குங்கள். உங்கள் உணரிகள் (சென்சார்கள்) ஈரப்பதத்தில் பிழையான அளவு காட்டுகின்றன என்று எனக்குத் தனியாக எழுதியிருந்தீர்களே, அதுவே போதும். என்ன முயன்றீர்கள், எங்கே நின்றுவிட்டது, அங்கே யாரிடம் எதைக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் கட்டுரை.

வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். குறிப்புகளை மூன்று பத்தி அட்டவணையில்தான் தருவேன், திருத்தியதையும் அதிலேயே நிரப்பி அனுப்புங்கள்.